ஒப்பிப்பவர்கள் கேட்ட கேள்வி

இலக்கிய வட்டத்தில் 'பாராயணம்' என்பது ஒரு வசைச்சொல். ஒரு விமர்சகரைக் கவிழ்க்கணும் என்றால் "அவர் இன்னாரைப் பாராயணம் பண்றவர்" என்று சொன்னால் போதும். யோசிக்காமல், கேள்வி கேட்காமல், சொன்னதையே திருப்பிச் சொல்கிறவர் என்று அர்த்தம். அந்தப் பக்கம், நாலாயிரம் சேவிக்கும் பெரியவர் ஒருவரிடம் போய் "நம்மாழ்வாரைக் கவிதையா வாசிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பாவம், வழி தவறின பிள்ளை என்பதுபோல ஒரு சிரிப்பு வரும். இரண்டு பக்கமும் இப்படிச் சிரித்துக்கொண்டிருப்பதில் அதிக நஷ்டம் நம் பக்கம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்க் கவிதை பற்றி நடந்த மிக நீண்ட, மிக நுட்பமான உரையாடல்களில் ஒன்று மனப்பாடக்காரர்களுக்கு நடுவில்தான் நடந்தது. அதை நாம் 'மத விஷயம்' என்று தள்ளி வைத்துவிட்டோம்.

திருவாய்மொழியைச் சொல்கிறேன். நூறு பதிகங்கள், 1102 பாசுரங்கள். ஒரு பதிகத்துக்குப் பதினொன்று வீதம்; திருமாலின் பன்னிரண்டு பெயர்களைச் சொல்லும் ஒரே ஒரு பதிகத்துக்கு மட்டும் பதின்மூன்று. முழுக்க அந்தாதி. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். ஆயிரத்தின் கடைசிச் சொல் போய் முதல் பாட்டின் முதல் சொல்லோடு கோர்த்துக்கொள்ளும். என்னைப் போன்ற மென்பொருள்காரர்கள் இதைப் பார்த்ததும் "அட, லிங்க்டு லிஸ்ட்" என்று குதிப்போம். நானும் குதித்தவன்தான். ஒரு பாட்டை விட்டுவிட்டால் சங்கிலி அறுந்து காட்டிக்கொடுக்கும் என்ற அளவில் அந்த ஒப்புமை சரி. அதற்கு மேல் போகாது. பாட்டுக்குள் ஒரு சொல் மாறிப்போனால் அந்தாதி அதைக் கண்டுபிடிக்காது. தவிர, ஒரே மாதிரி முடியும் இரண்டு பாட்டுகள் இருந்தால் வாய் தன் போக்கில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். கண்ணால் படிக்கிறவனுக்கு இந்த ஆபத்தே வராது.

நான் இதைக் கொஞ்சம் சந்தை முறையில் கற்றுக்கொண்டேன், ஜூமில். ஆசிரியர் ஒரு துண்டைச் சொல்வார், நாம் இரண்டு முறை திருப்பிச் சொல்லணும். சேர்ந்து சொன்னால் ஆளுக்கு அரை நொடி பிந்தி ஒரே கூச்சலாகிவிடும். அதனால் எல்லாரும் மியூட். அவரவர் அறையில் அவரவர் குரல் மட்டும். இந்த முறையில் பொருள் கடைசியில்தான் வரும். முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் பொருளுக்கு முன்னால் வேறொன்று வந்து சேர்ந்தது: வரிசை. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பது உடம்பில் ஏறிவிடுகிறது. அப்புறம் பொருள் தெரிய ஆரம்பிக்கும்போது எழும் முதல் கேள்வியே 'இதற்குப் பிறகு ஏன் இது?' என்பதாக இருக்கிறது.

புத்தகத்தில் படித்தபோது எனக்கு இந்தக் கேள்வி வந்ததே இல்லை. நம் தலைமுறையில் பலருக்கு நம்மாழ்வார் அறிமுகமானது ஏ.கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக, 1981இல் வந்த அந்த மெலிந்த புத்தகம். அருமையான மொழிபெயர்ப்பு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் தொகுப்பு என்றாலே தேர்வு. தேர்ந்தெடுத்த பாட்டு தனிக்கவிதையாகிவிடுகிறது. நான்கு பக்கமும் வெள்ளைக் காகிதம். அந்தாதியிலோ பாட்டு முடிவதே இல்லை, கடைசிச் சொல்லை அடுத்ததன் கையில் கொடுத்துவிட்டு நகர்கிறது.

முதல் பத்தில் ஒரு இடம். மூன்றாம் பதிகத்தில், வெண்ணெய் திருடி உரலில் கட்டுண்டு ஏங்கி நிற்கும் கண்ணன். இந்த எளிமையை நினைத்து ஆழ்வார் ஆறு மாதம் மூர்ச்சித்துக் கிடந்தார் என்பது மரபு. அடுத்த பதிகத்தில் ஆழ்வார் இல்லை, ஒரு பெண் இருக்கிறாள். பறவைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவனிடம் தூது அனுப்புகிறாள். அதற்கு அடுத்த பதிகம் திடீரென்று 'நான் யார், உன்னை நெருங்க எனக்கென்ன தகுதி' என்று பின்வாங்குகிறது. தனித்தனியாகப் படித்தால் மூன்று நல்ல பதிகங்கள், அவ்வளவுதான். தொடர்ந்து சொல்கிறவன் வாயில் இது ஒரு விக்கல். வா என்று கூப்பிட்டவர் ஏன் ஒதுங்குகிறார்?

ஈடு இதற்குப் பதில் சொல்கிறது. தூது போய்ச் சேர்ந்தது, அவன் வந்துவிட்டான், வந்து நின்றவனைப் பார்த்ததும் இவருக்குக் கை நடுங்கிவிட்டது. என்னால் இந்தப் பெருமைக்கு அழுக்கு சேருமே என்று விலகுகிறார். பாட்டுகளுக்கு இடையிலுள்ள அந்த வெற்றிடத்தில் ஒரு வருகை நடந்திருக்கிறது! எந்தப் பாட்டிலும் விவரிக்கப்படாத வருகை. ஒவ்வொரு பதிகத்துக்கும் முன்னால் 'அவதாரிகை' என்று ஒரு முன்னுரை வைத்து, முந்தையதிலிருந்து இதற்கு மனம் எப்படி வந்தது என்று நூறு பதிகத்துக்கும் இதைச் செய்கிறார்கள். நம்பிள்ளை பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கத்தில் பேசியதை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்தது இது. முப்பத்தாறாயிரப்படி என்று இன்னொரு பெயர். ஒரு படி என்பது 32 எழுத்து. ஃபைல் சைஸையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

கேள்வி கேட்காத கூட்டம் என்ற குற்றச்சாட்டுக்கு இந்த உலகத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. ராமானுஜர் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்டது திருமாலையாண்டானிடம். இரண்டாம் பத்தில் ஒரு பாட்டுக்கு ஆண்டான் சொன்ன பொருள், 'அறியாத வயதில் அன்பைக் கொடுத்துவிட்டு மறுபடி இந்த உடம்பில் தள்ளிவிட்டாயே' என்ற புலம்பல். ராமானுஜர் ஒப்பவில்லை. முன்னும் பின்னும் மகிழ்ச்சிப் பாட்டாக இருக்கும்போது நடுவில் ஒன்று மட்டும் எப்படி அழும்? அதே சொற்களை வேறு மாதிரி கூட்டி நன்றியாகப் படித்தார். கோபத்தில் ஆண்டான் பாடத்தையே நிறுத்திவிட்டார், திருக்கோட்டியூர் நம்பி வந்து சமாதானம் செய்யவேண்டியதாயிற்று என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. சண்டை சித்தாந்தத்தில் ஆரம்பிக்கவில்லை, பாட்டின் வரிசையில் ஆரம்பித்தது. எனக்கென்னவோ அந்தப் பாட்டைப் பொறுத்தவரை ஆண்டானின் புலம்பல்தான் இன்னும் நெருக்கமாகப் படுகிறது. மகிழ்ச்சிக்கு நடுவில் ஒரு முறை விம்முவது மனிதர்களுக்கு நடப்பதுதானே.

இங்கேதான் ஈட்டின் மேல் எனக்கு வருத்தமும் தொடங்குகிறது. எல்லா இடைவெளியையும் அது அடைத்துவிடுகிறது. ஆழ்வார் மனம் காரணமில்லாமல் ஒரு இடத்திலும் மாறாது. இருக்கிற ஒவ்வொரு புள்ளியையும் தொட்டே தீருவேன் என்று வளையும் கோட்டை நாங்கள் ஓவர்ஃபிட்டிங் என்போம். சில அவதாரிகைகளில் அந்த வளைவு தெரிகிறது. இருந்தாலும், கேள்வியே கேட்காத வாசிப்பைவிட ஒரு கேள்வியை விடாமல் நூறு முறை கேட்ட இந்த வாசிப்பு எனக்குப் பெரிது.

பாராயணத்தை நான் அலங்கரிப்பதாக நினைக்கவேண்டாம். புறப்பாட்டில் வேகமாகப் போகும் கோஷ்டியில் தத்துவமும் தூதும் பிரிவும் எல்லாம் ஒரே சுருதி, ஒரே ஓட்டம்; அந்த விக்கல் எழுவதற்கே நேரம் கிடையாது. யார் எந்தத் தனியனைச் சொல்லி ஆரம்பிப்பது என்று காஞ்சிபுரத்தில் வடகலையும் தென்கலையும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே கோர்ட்டுக்கு நடந்தார்கள். எல்லாவற்றையும் விட எனக்கு உறுத்துவது இது: திருவாய்மொழியில் 27 பதிகங்கள் மகள், தாய், தோழி என்று பெண்குரலில் அமைந்தவை. பாடியவர் வேளாளர் குடியில் பிறந்தவர். இன்றும் பல கோயில்களில் அந்தப் பதிகங்களைப் பெருமாள் முன் சொல்லும் கோஷ்டி, பிராமண ஆண்கள் மட்டுமே நிற்கும் வரிசை. நான் படித்த ஜூம் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். பறவைகளைத் தூது அனுப்பும் பதிகத்தை அவர்களில் ஒருவர் ஒருநாள் மியூட்டை எடுத்துவிட்டுத் தனியாகச் சொன்னார். பிழையே இல்லை. அவர் ஊர்க் கோயிலில் அவருடைய இடம் கயிற்றுக்கு இந்தப் பக்கம்.

ஈட்டின் மொழி மணிப்பிரவாளம். முதல் பக்கத்திலேயே நம்மைத் துரத்தும். புருஷோத்தம நாயுடு அதை முழுதாகத் தமிழாக்கியிருக்கிறார், சென்னைப் பல்கலைக்கழக வெளியீடு, பத்துத் தொகுதிகள். படிக்க விரும்புகிறவர்கள் முதல் பத்தின் நான்காம், ஐந்தாம் பதிகங்களை எடுத்துக்கொள்ளலாம். உரையைத் திறக்கும் முன் அந்த இருபத்திரண்டு பாட்டையும் ஒரு வாரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.