பாகப்பிரிவினையும் பாரி மகளிரும்

தமிழ் இலக்கியத்தில் உடன்பிறந்தார் உரிமை பிரித்துக்கொள்ளும் இடங்களைத் தேடிச் சென்றால், பெரும்பாலும் இரண்டு காட்சிகளே நமக்குக் கிடைக்கின்றன. ஒன்று துறவு; மற்றொன்று போர். தமையன் செங்குட்டுவன் இருக்கத் தமக்கே அரசுரிமை உண்டென்று நிமித்திகன் சொன்ன அளவில் இளங்கோ துறவு பூண்டதை வரந்தரு காதை கூறுகிறது. கம்பர் காட்டும் பரதன், தாய் கேட்டுப் பெற்ற நாட்டை ஏற்க மறுக்கிறான். மறுபுறம், நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி உள்ளே அடைபட்டுக் கிடக்கிறான். இவர்கள் உடன்பிறந்தாரல்லர், எனினும் ஒரே சோழர் குடியினர். எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று கோவூர் கிழார் இடித்துரைத்ததை (புறம் 45) ஆசிரியப் பெருமக்கள் நன்கறிவர்.

கூடி அமர்ந்து, உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று பேசி முடித்து, அதன் பின்னும் உறவாக வாழ்ந்தார்கள் என்னும் காட்சி மிக அரிது.

1959-இல் பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த 'பாகப்பிரிவினை' இக்குறையைத் தீர்த்ததா? இல்லை என்றே சொல்ல வேண்டும். ஒற்றுமையாக வாழ்ந்த அண்ணன் தம்பியின் வீடு இரண்டாகிறது. காரணம், அண்ணன் மனைவி அகிலாண்டத்தின் வன்மம்; அதற்குத் தூபமிடும் அவள் உறவினன் சிங்காரத்தின் சூது. எம்.ஆர். ராதா நடித்த அந்தச் சிங்காரம் எங்கிருந்து வருகிறான்? சிங்கப்பூரிலிருந்து! இவ்வூர்த் தமிழர் இதற்குச் சினந்தார்களோ, சிரித்தார்களோ! படத்தில் கண்ணீர் நிறைய உண்டு, கணக்கு இல்லை. பிரிவினை என்றாலே கெட்டவர் செய்யும் வேலை என்ற எண்ணத்தையே அது உறுதிப்படுத்துகிறது. உடன்பிறந்தாள் ஒருத்தி இருந்தால் அவள் பங்கு என்ன என்ற கேள்வி அங்கு எழவேயில்லை.

சிங்கப்பூரில் அக்கேள்விதான் முதலில் எழுகிறது. உயில் எழுதாமல் இறந்தோர் சொத்தைப் பற்றிய 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி, துணைவருக்குப் பாதி. மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. (முஸ்லிம்களுக்கு இஸ்லாமிய முறை தனியே உண்டு.) தந்தை மறைந்து தாயும் மூன்று மக்களும் இருப்பின், தாய்க்கு 1/2, மக்களுக்குத் தலைக்கு 1/6. தமிழ்நாட்டிலோ கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை கிட்டியது 1989-இல்தான்.

ஆனால் பங்கிடப்படுவது நன்செய் அன்று. பெரும்பாலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடு ஒன்று. தேக்கா நிலையத்தை ஒட்டி நிற்கும் அடுக்குமாடிகளை அண்ணாந்து பாருங்கள். அவ்வீட்டின் நடுவே சுவரெழுப்பி இரு குடும்பமாக்க இயலுமா? தனக்கென ஒரு கழக வீடு உடையவர் இன்னொன்றையும் வைத்துக்கொள்ளவும் விதி இடந்தராது. ஆகவே விற்றுப் பணத்தைப் பிரிக்க வேண்டும். அல்லது ஒருவர் ஏற்க, மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். இங்கேதான் கதை தொடங்குகிறது. மணமாகாமல் தங்கி, பெற்றோரைப் பத்தாண்டு கவனித்த அக்காளுக்கும், திங்களுக்கொருமுறை வந்துபோன தம்பிக்கும் சட்டம் ஒரே பங்குதான் தரும். சட்டம் தலைகளை எண்ணும், ஆண்டுகளை எண்ணாது. வீட்டை விற்றால் அக்காள் எங்கே போவாள்? "அக்கா, நீ இருக்கிறவரை இரு, அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு தம்பி சொல்வானாயின், அது துறவுமன்று, போருமன்று. அந்த ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள மனப்போராட்டத்தை எழுத ஒரு நாவல் வேண்டும்.

அதற்கு முன்னோடி பழம்பாட்டிலேயே உண்டு என்பது என் கருத்து. பாரி மகளிர் பாடிய புறம் 112-ஐ இழப்பின் பாட்டாக மட்டுமே நடத்துகிறோம். அதை உடன்பிறந்தார் பாட்டாகவும் நடத்தலாகாதா? தந்தையும் போனார், பறம்பும் போயிற்று; பிரித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆயினும் அப்பாட்டில் 'யான்' என்ற சொல் வரவில்லை; 'எம்' என்றும் 'யாம்' என்றுமே வருகிறது. கேட்போரை உட்படுத்தாத தன்மைப் பன்மை அது. உலகம் அப்பால் நிற்கிறது, இருவரும் ஒருபுறம். எந்த அடி அக்காளுடையது, எது தங்கையுடையது என்று யாரும் பிரித்துரைக்க முடியாது. அங்கவை, சங்கவை என்ற பெயர்களும் பிற்கால வழக்கில் வந்தவை. புறநானூறு அவர்களைப் பாரி மகளிர் என்று ஒருங்கேதான் அறியும்.