பாதையின் மேல் எழுதும் குறி

பிஜிபி கம்யூனிட்டி என்பது ஓர் இணையப் பாதையின் மேல் ஒட்டி அனுப்பப்படும் 32 பிட் எண். பெரும்பாலும் அந்த எண்ணுக்கென்று தனியே பொருள் கிடையாது. ஒட்டுபவரும் படிப்பவரும் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டதே அதன் பொருள். ஆனாலும் ஒரு பாதையை எந்த ரவுட்டருக்குச் சொல்லலாம், எதற்குச் சொல்லக் கூடாது, எங்கே அதற்கு முன்னுரிமை, எங்கே அது கடைசி வரிசை என்பதையெல்லாம் இந்தச் சிறு எண் முடிவு செய்துவிடுகிறது. இவ்வளவு சிக்கனமான கருவி நெட்வொர்க் துறையில் அரிது. அதைக் கையாளும் விதத்தில் கைத்தேர்ச்சி தெரியும், ரசனையும் தெரியும்.

இணையம் பல்லாயிரம் தனி நெட்வொர்க்குகளின் தொகுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏஎஸ் எண் உண்டு. பிஎஸ்என்எல்லுக்கு 9829, ஏர்டெல்லுக்கு 9498, டாடா கம்யூனிகேஷன்ஸுக்கு 4755. 'இந்த முகவரிகளுக்கு என் வழியாக வரலாம்' என்று இவை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் மொழிதான் பிஜிபி. 1989 ஜனவரியில், டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் நடந்த ஒரு கூட்டத்தின் மதிய உணவு வேளையில், கிர்க் லோகீடும் யாக்கோவ் ரெக்டரும் அதன் முதல் வரைவைக் கைதுடைக்கும் காகிதங்களில் எழுதினார்கள். பாதையைச் சொல்லும் வழி அதில் கிடைத்தது. யாருக்குச் சொல்வது என்பதை மட்டும் ஒவ்வொரு எல்லை ரவுட்டரிலும் முகவரிப் பட்டியல்களாக எழுதி வைக்க வேண்டியிருந்தது. புதிதாக ஒரு வாடிக்கையாளர் சேர்ந்தால் எல்லாப் பட்டியல்களையும் திருத்த வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் பாதை கசியும், இல்லையென்றால் மறையும். 1996 ஆகஸ்டில் ரவி சந்திரா, பால் டிரெய்னா, டோனி லீ மூவரும் எழுதிய ஆர்எஃப்சி 1997 என்ற வரிசை எண் கொண்ட இணைய ஆவணம் இந்தச் சுமையை இறக்கி வைத்தது. கம்யூனிட்டி பிறந்த ஆவணம் அதுதான்.

32 பிட்டின் முதல் பாதியில் ஏஎஸ் எண் நிற்கும். பின்பாதியில் அந்த நெட்வொர்க் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளும் எண். அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் லாரிக்கு நடைச்சீட்டு இருக்க வேண்டும். சோதனைச் சாவடியில் இருப்பவர் கல் எந்தக் குழியில் வெட்டியது என்று ஆராய்வதில்லை. சீட்டைப் படித்து லாரியை விடுவார் அல்லது நிறுத்துவார். கம்யூனிட்டியின் வேலையும் அதுவே. பாதை நுழையும் இடத்தில் குறி எழுதப்படுகிறது. வெளியேறும் இடத்தில் குறியை மட்டும் பார்த்து முடிவு எடுக்கப்படுகிறது. இரண்டு வேலையையும் இப்படிப் பிரித்து வைத்ததில்தான் இந்தக் கருவியின் அழகு இருக்கிறது.

அதே ரெட்டிபாளையத்தில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஃபைபர் இணைப்பு தரும் ஒரு சிறு சேவையாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்களில் அவருக்கு 64500 என்று கொடுப்போம். அவருக்கு மேலே இரண்டு பெரிய சேவையாளர்கள்: 64501, 64502. தன் வாடிக்கையாளரிடமிருந்து வரும் பாதைகளுக்கு அவர் 64500:1 என்று குறியிடுகிறார். மேலிருந்து வருபவற்றுக்கு 64500:3. வெளியேறும் விதி ஒரே வரி: 1 என்ற குறி இருந்தால் மட்டும் மேலே அனுப்பு. குறியே இல்லாத பாதை எங்கேயும் போகாது. நாளை நூறு வாடிக்கையாளர்கள் சேர்ந்தாலும் அந்த ஒரு வரியைத் தொட வேண்டியதில்லை. ஒரு மேல்நிலைச் சேவையாளரின் பாதைகளைத் தவறுதலாக மற்றவருக்கு அறிவித்து, இருவரின் போக்குவரத்தையும் தன் சிறிய இணைப்பில் இழுத்து மூச்சுத் திணறும் விபத்து அவருக்கு நேராது.

அடுத்த தேவை, 64501 முதன்மை வழியாகவும் 64502 மாற்று வழியாகவும் இருக்க வேண்டும் என்பது. மாற்று வழியில் தன் ஏஎஸ் எண்ணை மூன்று நான்கு முறை எழுதிப் பாதையை நீளமாகக் காட்டுவது பலரும் செய்வது. இது பெரும்பாலும் பாதி வேலைதான் செய்யும். பாதையின் நீளத்தைப் பார்ப்பதற்கு முன்பே லோக்கல் பிரிஃபரன்ஸ் என்ற மதிப்பைப் பார்ப்பது ரவுட்டரின் ஒழுங்கு. காசு தரும் வாடிக்கையாளரின் பாதைக்கு எந்தச் சேவையாளரும் அதை உயர்த்தியே வைப்பார். ஆகவே எவ்வளவு நீட்டினாலும் 64502 நேர் வழியையே பிடித்துக்கொள்ளும்.

இதற்கு விடை 1996-லேயே வந்துவிட்டது. என்க்கி சென்னும் டோனி பேட்ஸும் எழுதிய ஆர்எஃப்சி 1998-ல், 3561 என்ற எண் கொண்ட எம்சிஐ நெட்வொர்க்கின் ஏற்பாடு விவரிக்கப்பட்டிருக்கிறது. வழக்கமான மதிப்பு 100. வாடிக்கையாளர் 3561:90, 3561:80, 3561:70 என்று குறியிட்டு அனுப்பினால் எம்சிஐ தன் ரவுட்டர்களில் மதிப்பை 90, 80, 70 என்று தானே இறக்கிக்கொள்ளும். அதே முறையில் ரெட்டிபாளையத்தார் மாற்று வழியில் 64502:80 என்று எழுதி அனுப்புகிறார். 64502 இப்போது இரண்டு பாதைகளைப் பார்க்கிறது: நேர் வழிக்கு மதிப்பு 80, 64501 மூலம் கேள்விப்பட்ட வழிக்கு 100. இரண்டாவதைத் தேர்கிறது. தேர்ந்த பாதையை மட்டுமே பிறருக்குச் சொல்வது பிஜிபியின் இயல்பு என்பதால், நேர் வழியின் பேச்சே வெளியுலகில் எழாது. முதன்மை ஃபைபர் அறுந்ததும் 100 மறையும். 80 தானாக மேலே வரும், உலகம் முழுக்க அறிவிக்கப்படும். ஃபைபர் சரியானதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய நெட்வொர்க்கின் முடிவைச் சிறு ஊர்க்காரர் ஓர் எண்ணால், யாருக்கும் போன் செய்யாமல், மாற்றியிருக்கிறார்.

தேர்ந்தவர்களையும் தடுமாற வைக்கும் இடம் ஒன்று இதில் உண்டு. 64502 தானே இன்னொரு பெரிய நெட்வொர்க்கின் வாடிக்கையாளராக இருந்து, 80 என்ற குறியின் கருத்து அந்த மூன்றாமவரைச் சென்று சேரவில்லை என்றால், முதன்மை வழி சரியான பிறகும் போக்குவரத்து மாற்று வழியிலேயே சிக்கி நிற்கலாம். மூன்றாமவருக்கு 64502 காசு தரும் வாடிக்கையாளர். அவர் வழியை விட்டுவிட மூன்றாமவருக்குக் காரணம் இல்லை. டிம் கிரிஃபினும் ஜெஃப் ஹஸ்டனும் 2005-ல் ஆர்எஃப்சி 4264-ல் இந்தச் சிக்கலை வரைந்து காட்டினார்கள். மாற்று இணைப்பைச் சிறிது நேரம் துண்டித்து மீண்டும் இணைத்தால் நிலை திரும்பும்.

எல்லா நெட்வொர்க்குக்கும் பொதுவான பொருள் கொண்ட குறிகளும் சில உண்டு. 65535:65281 நோ-எக்ஸ்போர்ட்: இந்த நெட்வொர்க்கின் எல்லையைத் தாண்டாதே. 65535:65282 நோ-அட்வர்டைஸ்: அடுத்த ரவுட்டருக்கே சொல்லாதே. இவற்றின் அருமை 2008 பிப்ரவரி 24 அன்று தெரிந்தது. யூடியூபை உள்நாட்டில் மறைக்க பாகிஸ்தான் டெலிகாம் உருவாக்கிய ஒரு பாதை, மேல்நிலையில் இருந்த பிசிசிடபிள்யூ வழியாக உலகெங்கும் பரவி, சுமார் இரண்டு மணி நேரம் யூடியூபை முடக்கியது. அந்தப் பாதை பிறந்த இடத்திலேயே நோ-எக்ஸ்போர்ட் குறி விழுந்திருந்தால் அது பாகிஸ்தான் டெலிகாமின் எல்லை ரவுட்டரிலேயே நின்றிருக்கும். 65535:666 என்ற பிளாக்ஹோல் குறி 2016-ல் ஆர்எஃப்சி 7999 மூலம் பொதுவானது. தாக்குதலுக்கு உள்ளான ஒற்றை முகவரிக்கு வரும் போக்குவரத்தை மேல்நிலைச் சேவையாளரே குப்பையில் போட இது உதவும். அதோடு நோ-எக்ஸ்போர்ட்டோ நோ-அட்வர்டைஸோ சேர்க்க வேண்டும் என்று அந்த ஆவணமே சொல்கிறது.

இந்தியாவில் இக்கலைக்கு நல்ல களம் அமைத்துக் கொடுத்தது 2003-ல் தொடங்கிய நிக்ஸி. உள்நாட்டுப் போக்குவரத்து வெளிநாடு சுற்றி வராமல் உள்ளூரிலேயே கைமாறுவதற்கான பரிமாற்ற மையங்களை அது அமைத்தது. சென்னை அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு மையத்திலும் அந்த வட்டாரத்துப் பாதைகளையாவது அறிவிக்க வேண்டும் என்று அது விதி வகுத்தது. நாடெங்கும் பரவிய நெட்வொர்க் இதை முகவரிப் பட்டியலால் செய்தால் ஓய்வே இருக்காது. பாதை பிறக்கும் ஊரிலேயே ஊர்க்குறி இட்டுவிட்டால் வேலை முடிந்தது. எஸ்டிடி எண்ணையே குறியாக வைக்கலாம்: அரியலூருக்கு 4329, பெரம்பலூருக்கு 4328, திருச்சிக்கு 431, சென்னைக்கு 44. இவை எல்லாமே 65535-க்குள் அடங்கும். சென்னை மைய ரவுட்டர் தென்னகக் குறிகளை மட்டும் வெளியே விடும். நள்ளிரவில் பழுது பார்க்க உட்காரும் பொறியாளர் 64501:4329 என்று பார்த்ததும், பாதை அரியலூரில் நுழைந்தது என்று கையேட்டைத் திறக்காமலே அறிவார்.

ஏஎஸ் எண்கள் 32 பிட்டுக்கு வளர்ந்தபோது பழைய கம்யூனிட்டியின் 16 பிட் பாதியில் அவை அடங்கவில்லை. இன்று புதிதாக விண்ணப்பிக்கும் சிறு சேவையாளருக்குப் பெரும்பாலும் ஆறு இலக்க எண்தான் கிடைக்கிறது. 2017 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 8092, 32 பிட் பகுதிகள் மூன்று கொண்ட லார்ஜ் கம்யூனிட்டியை அளித்தது. முதல் பகுதி யாருடைய குறி என்று சொல்லும், இரண்டாவது என்ன வேலை என்று சொல்லும், மூன்றாவது எதன் மேல் என்று சொல்லும். 65550:1:4329 என்பது கிட்டத்தட்ட ஒரு முழு வாக்கியம்.

கைத்தவறுகளும் சில உண்டு. சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் தனியாகக் கட்டளை தந்தால்தான் கம்யூனிட்டி அண்டை ரவுட்டருக்குப் போகும். புதுக் குறி இடும்போது 'அடிட்டிவ்' என்று சேர்க்காவிட்டால் பழைய குறிகள் அழிந்துவிடும். வாடிக்கையாளர் அனுப்பும் குறிகளில், தன் உள் வேலைக்கான எண்களை எல்லையிலேயே கழற்றாத நெட்வொர்க், அந்நியர் கையில் தன் சாவியைக் கொடுத்ததற்குச் சமம்.

நல்ல கம்யூனிட்டித் திட்டத்தைச் சில அடையாளங்களால் இனம் காணலாம். எண்கள் படித்தவுடன் விளங்கும். தகவல் குறிகளும் கட்டளைக் குறிகளும் கலக்காது. குறியில்லாத பாதை வெளியே போகாது. பட்டியல் வாடிக்கையாளருக்கு எழுத்தில் கிடைக்கும். இரண்டாவது இணைப்பு வாங்கப் போகும் எந்த ஊர்ச் சேவையாளரும் விலையைக் கேட்பதற்கு முன் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாத இடத்தில் கிடைப்பது வெறும் இணைப்பு. இருக்கும் இடத்தில் தன் பாதையின் மேல் உரிமையும் சேர்ந்து கிடைக்கிறது.