பசையின் பக்குவம்

பழைய பைக்கில் ஸ்பார்க் ப்ளக்குக்குப் பொறி தரும் சிடிஐ பெட்டியைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். போர்டும் பாகங்களும் கண்ணில் படாது. கருங்கல்லாய் இறுகிய எபாக்ஸிதான் தெரியும். மழை, புழுதி, எஞ்சினின் அதிர்வு எல்லாவற்றையும் வருடக்கணக்கில் தாங்குவது அந்தக் கறுப்பு வார்ப்புதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஊற்றிய கையின் நிதானத்தைத்தான் நான் வியப்பேன்.

பிசினையும் ஹார்டனரையும் எடை பிசகாமல் கலக்க வேண்டும். வேகமாகக் கிளறினால் காற்று புகுந்துவிடும். கிண்ணத்தின் ஓரத்தை வழிக்காமல் விட்டால் அந்தப் பகுதி கடைசிவரை பிசுபிசுக்கும். கலந்ததை வெற்றிடக் கலத்தில் வைத்ததும் பாலாய்ப் பொங்கி, நுரைத்து, அடங்கும். பிறகு பெட்டியின் ஒரே மூலையில் நூலாக ஊற்ற வேண்டும். பசை கப்பாசிட்டரின் கால்களுக்கிடையே தானே நுழைந்து, காற்றை முன்னே தள்ளியபடி மெல்ல ஏறும். அதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். இத்தனை பொறுமைக்கும் காரணம் உண்டு. உயர் மின்னழுத்தம் உள்ள இடத்தில் ஒரு குமிழி தங்கினாலும், அதற்குள் நுண்ணிய பொறிகள் எழுந்து காப்பையே அரித்துவிடும்.

எபாக்ஸிக்கு ஒரு முரட்டுக் குணமும் உண்டு. இறுகும்போது சூடேறும், சுருங்கும். சிறிய கண்ணாடி டையோடு அந்தப் பிடியில் விரிசல் விடலாம். அத்தகைய இடத்துக்கு சிலிகான்தான் பொருத்தம். பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி தொடங்கி 200 டிகிரி வரை ரப்பராகவே இருக்கும். பெரிய மோட்டார்களை ஓட்டும் பவர் மாட்யூல்களில், சிப்பிலிருந்து போகும் மெல்லிய அலுமினியக் கம்பிகளின் மேல் சிலிகான் ஜெல் நிரப்பியிருப்பார்கள். இளநுங்கு போலத் தெளிந்து, தொட்டால் ததும்பும். கம்பி சூட்டில் அசைந்தால் அதுவும் கூடவே அசையும். காக்கும் பொருளுக்கு இதைவிட நல்ல குணம் வேறில்லை.

சிலிகானிலும் தேர்வு வேண்டும். குளியலறை இடுக்கை அடைக்கும் ரகம் ஒன்றில் வினிகர் வாடை அடிக்கும்; இறுகும்போது அது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. அதைக் கொண்டு ஒரு போர்டில் ஆடிய காயிலை ஒட்டினேன். சில மாதங்களில் செம்புப் பாதை முழுக்கப் பச்சைக் களிம்பு. காக்கப் பூசியதே அரித்துவிட்டது.

உறுதியானது எது என்று மட்டும் பார்த்துப் பசை வாங்காதீர்கள். எதைக் காக்கப்போகிறீர்களோ, அதன் சூட்டையும் அசைவையும் முதலில் பாருங்கள். போர்டுக்கு சிலிகான் வாங்கினால், ட்யூபின் மேல் ‘நியூட்ரல் க்யூர்’, அதாவது இறுகும்போது அந்த அமிலத்தை விடாத ரகம், என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.