டெட்ரிஸ்: மூன்று பதிப்புகளும் அவற்றின் இசையும் – ஓர் ஒப்பீடு

டெட்ரிஸ் என்பது மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சேய் பாஜித்னோவ் 1984-இல் உருவாக்கிய நிகழ்பட ஆட்டம் ஆகும். நான்கு சதுரங்களால் ஆன ஏழு வகைத் துண்டுகள் மேலிருந்து விழும். அவற்றைத் திருப்பி அடுக்கி, இடைவெளி இல்லாத வரிசை ஒன்றை அமைத்தால் அவ்வரிசை மறையும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடியும்.

முதல் பதிப்பு ஓடிய எலெக்ட்ரோனிக்கா 60 கணினியில் படம் வரையும் வசதி இல்லை; எழுத்துக் குறிகளைக் கொண்டே துண்டுகள் காட்டப்பட்டன. இசையும் இல்லை. இன்று டெட்ரிஸ் என்றதும் நினைவுக்கு வரும் மெட்டு, ஆட்டம் வெளிநாடு சென்ற பின்னர் சேர்ந்தது. எனவே பதிப்புகளை ஒப்பிடும்போது இசையைத் தனியே ஆராய்வது அவசியமாகிறது.

1989-இல் வெளிவந்த மூன்று பதிப்புகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பதிப்புகள்

1. கேம் பாய்: நின்டெண்டோவின் கையடக்கக் கருவிக்கான பதிப்பு. திரையில் நான்கு நிறச் சாயல்கள் மட்டுமே உண்டு. ஆடுகளம் 10 கட்டம் அகலமும் 18 கட்டம் உயரமும் கொண்டது. கம்பியால் இணைத்து இருவர் ஆடலாம்.

2. என்.இ.எஸ்.: அதே நிறுவனத்தின் வீட்டுக் கருவிக்கான பதிப்பு. வண்ணம் உண்டு. ஆடுகளத்தின் உயரம் 20 கட்டம். இருவர் ஆடும் வசதி இல்லை.

3. டெங்கன்: அட்டாரி கேம்ஸின் கிளை நிறுவனம் அதே என்.இ.எஸ். கருவிக்கு வெளியிட்டது. இருவர் ஒரே திரையில் ஆடலாம். உரிமை வழக்கில் நீதிமன்றம் தடை விதித்ததால், சில வாரங்களிலேயே விற்பனை நின்றது.

இசை

கேம் பாய் பதிப்பின் இசையை அமைத்தவர் ஹிரோகாசு தனாகா. அதில் ஏ, பி, சி என மூன்று மெட்டுகள் உள்ளன. ஏ என்பது 'கொரோபெய்னிக்கி' என்னும் ரஷ்ய நாட்டுப்புறப் பாடல். ஊர் ஊராகப் பொருள் விற்கும் இளம் வணிகனையும் ஒரு பெண்ணையும் பற்றிய அப்பாடல், நிக்கொலாய் நெக்ராசோவின் 1861-ஆம் ஆண்டுக் கவிதையிலிருந்து பிறந்தது. பி தனாகாவின் சொந்த மெட்டு. சி என்பது பாக் இயற்றிய மூன்றாம் பிரெஞ்சு சூட்டில் வரும் மினுவெட் நடனம்.

கொரோபெய்னிக்கியை மெல்லத் தொடங்கிப் போகப்போக விரைவாகப் பாடுவது வழக்கம். விளையாட்டிலோ நிலை உயர்ந்தாலும் மெட்டின் வேகம் மாறுவதில்லை. துண்டுகளின் வேகம் மட்டும் ஏறுகிறது. பாடலில் குரல் செய்யும் வேலையை இங்கு துண்டுகள் செய்கின்றன எனலாம். இப்பொருத்தமும் அம்மெட்டு மனத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு காரணமாக இருக்கலாம்.

என்.இ.எஸ். பதிப்பின் முதல் மெட்டு சைக்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலேயில் (1892) வரும் சர்க்கரைப் பழத் தேவதையின் நடனம். சைக்கோவ்ஸ்கி அதைச் செலஸ்டா என்னும், மணியோசை தரும் புதிய கருவிக்கு எழுதினார். சில்லின் மெல்லிய 'கிண்' ஒலி அதற்கு நன்கு பொருந்துகிறது. அடுக்கு உச்சியை நெருங்கும்போது இசை விரைவடைந்து எச்சரிக்கிறது. இசையை ஆட்டத்தோடு இணைத்த வகையில் இப்பதிப்பு கேம் பாயை விஞ்சுகிறது.

பெயர் மறைந்த பாடல்கள்

நின்டெண்டோவின் இரு பதிப்புகளிலும் இசையைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ஏ, பி, சி என்ற எழுத்துகளோ 1, 2, 3 என்ற எண்களோ மட்டுமே உள்ளன. பாக், சைக்கோவ்ஸ்கி ஆகியோரின் பெயர்களோ நாட்டுப்புறப் பாடலின் பெயரோ அங்கு இல்லை. டெங்கன் பதிப்பில் பெயர்கள் உண்டு. ஆனால் அவற்றுள் 'லோகின்ஸ்கா', 'பிராடின்ஸ்கி' என்பவை ரஷ்யப் பாடல்களே அல்ல. எட் லாக், பிராட் ஃபுல்லர் என்னும் அமெரிக்கப் படைப்பாளர்களின் பெயர்களை ஒட்டி வைக்கப்பட்டவை. அதாவது, உண்மையான பழம்பாடலுக்குப் பெயர் இல்லை. புதிதாகச் செய்த மெட்டுக்கு ரஷ்யப் பெயர் உண்டு.

இது சிறு குறை அன்று. கேம் பாய் பதிப்பு 3 கோடிக்கும் மேல் விற்றது. அதன் விளைவாக, ஒரு மக்கள் பாடல் உலகின் பெரும்பகுதிக்கு 'டெட்ரிஸ் பாட்டு' ஆகிவிட்டது. ஆட்டத்தைப் படைத்த பாஜித்னோவுக்கே 1996 வரை உரிமத்தொகை கிடைக்கவில்லை என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மதிப்பீடு

இருவர் ஆடுவதற்கு டெங்கன் சிறந்தது. நீண்ட நேரத் தனி ஆட்டத்துக்கு என்.இ.எஸ். ஏற்றது, 2010 முதல் நடைபெறும் பழைய டெட்ரிஸ் உலகப் போட்டியும் அதைக்கொண்டே தொடங்கியது. இசைத் தேர்வில் கேம் பாயே முன்னிற்கிறது. மாணவர்கள் கொரோபெய்னிக்கியை ஒரு பாடகர் குழுவின் குரலில் முதலில் கேட்டு, பின்பு ஆட்டத்தின் ஒலியைக் கேட்பது நல்லது. நான்கு ஒலித்தடங்களுக்குள் எது தங்கியது, எது விடுபட்டது என்பது அப்போது தெளிவாகும்.