உழாத வயலும் உமணர் வாழ்வும்

ஐந்திணை கற்பிக்குங்கால் கரும்பலகையில் கட்டங்கள் இட்டு, குறிஞ்சிக்கு வேட்டை, முல்லைக்கு ஆநிரை, மருதத்துக்கு உழவு, நெய்தலுக்கு மீனும் உப்பும் என நிரப்பிவிடுகிறோம். யானும் இருபத்தைந்து ஆண்டுகள் அவ்வாறே செய்தவன். நிலமே தொழிலைப் பிறப்பிக்கிறது என்னும் எண்ணம் இதனால் மாணவர் உள்ளத்தில் வேரூன்றுகிறது. அது பாதி உண்மையே.

அகநானூற்றின் 140ஆம் பாட்டை நோக்குக. அம்மூவனார் உப்பளத்தைச் 'செறு' என்கிறார். செறுவாவது வயல். அவ்வயலைப் பரதவர் உழாமலே உப்பு விளைவிக்கின்றனராம். உழவை அறியாதார்க்கு 'உழாமல்' என்று சொல்ல நேருமோ? மருதத்தை அருகில் வைத்தே புலவர் நெய்தலைக் காண்கிறார். அவ்வுப்பை உமணர் குன்றம் நோக்கிக் கொண்டு செல்ல, உமணர் மகள் சேரியில் நெல்லுக்கு ஒத்த அளவு உப்பு என விலை கூறுகிறாள். 390ஆம் பாட்டிலும் அதே விலைதான். நெல் மிகுந்த அயல்நிலம் இருந்தமையாலன்றோ பரதவர் நெல் விதையாது உப்பில் கைதேர்ந்தனர்! உமணரோ உழுவாருமல்லர், உப்பு விளைப்பாருமல்லர். இரு நிலங்களின் வேறுபாடே அவர்தம் கைம்முதல்.

புறநானூற்று 33ஆம் பாட்டில் வேட்டுவன் மான்தசைக்கும் ஆய்மகள் தயிருக்கும் நெல் பெறுகின்றனர். ஆயின், அது நலங்கிள்ளியைக் கோவூர் கிழார் பாடியது. நாட்டு வளம் சொல்ல வந்த பாட்டைக் கணக்கேடாகக் கொள்ளலாகாது. நெல்லை முகந்து கொடுத்த கையே அளவையும் வகுத்தது என்பதை மறத்தலும் ஆகாது.

நிலங்கள் தம்முள் மயங்கா எனத் தொல்காப்பியர் விதித்தாரே எனச் சிலர் தடை எழுப்பலாம். அவரே, ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் வேறு நிலத்துக்கு வந்தால் வந்த நிலத்துக்கே உரியனவாம் என்று இடங்கொடுத்துள்ளார். பூவுக்குள்ள உரிமை உப்புக்கு இல்லையா?

தோட்டத்துப் பிள்ளைக்கு இது வெறும் இலக்கணச் செய்தியன்று. பால்மரம் சீவுவது எங்கள் கோல சிலாங்கூர் மண்ணின் இயல்பு என்று எண்ணியே வளர்ந்தோம். பர்மா, சயாம் அரிசி வந்தமையால்தான் தோட்டங்கள் நெல்லை மறந்து பாலில் நிலைத்தன. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அவ்வரிசி அரிதாகவே, மரவள்ளி உணவாயிற்று. தென்னமரம் தோட்டத்தில் 1917இல் வாணிக முறையில் நடப்பெற்ற செம்பனையே இன்று எம்மைச் சூழ்ந்துள்ளது. வடக்கே தஞ்சோங் காராங்கிலும் செகிஞ்சானிலும் வயல்கள், கடலோரம் மீன்.

அண்மையில் வகுப்பில் கட்டங்களை அழித்துவிட்டு, நிலங்களுக்கு இடையே உள்ள வழிகளை வரையச் சொன்னேன். ஒரு சிறுவன் செகிஞ்சானிலிருந்து மீன் கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்காரரை வரைந்து, "ஐயா, இவர் எந்தத் திணை?" என்றான். உமணருக்குப் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.