ஏஜென்ட்டின் மனசு யாருக்குத் தெரியும்?

ஏஐ ஏஜென்ட் பற்றிய பேச்சுதான் இப்போது எங்கு பார்த்தாலும். உங்களுக்காக டிக்கெட் போடும், சாமான் வாங்கும், பேரம்கூடப் பேசும் என்கிறார்கள். இருக்கட்டும். என் ஏஜென்ட்டிடம் ஒரு கடைக்காரரின் ஏஜென்ட் "நாளைக்கு அனுப்பிவிடுகிறேன்" என்று சொல்கிறது. அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்? மறுநாள் சரக்கு வரவில்லை என்றால் யாரைப் பிடிப்பது, எதை வைத்துப் பிடிப்பது?

இந்தக் கேள்வியை 1998-லேயே ஒருவர் கேட்டுவிட்டார். அந்த வருஷம் டிசம்பர் ஐஇஇஇ கம்ப்யூட்டர் இதழில் முனிந்தர் சிங் எழுதிய "ஏஜென்ட் கம்யூனிகேஷன் லாங்குவேஜஸ்: ரீதிங்கிங் த பிரின்சிபிள்ஸ்" என்ற கட்டுரை. ரொம்பச் சின்னது, கணிதமும் அதிகம் கிடையாது. அதையும் அதிலிருந்து கிளைத்த சில வேலைகளையும் மறுபடி படித்தபோது எழுதிக்கொண்ட குறிப்புகள் இவை.

முதலில் பின்னணி. 1990-களில் ஏஜென்ட்கள் பேசிக்கொள்ள இரண்டு மொழிகள் பிரபலம். ஒன்று கேக்யூஎம்எல், மற்றொன்று 1996-ல் தொடங்கிய ஃபிபா அமைப்பின் ஏசிஎல். இரண்டிலும் ஒரு செய்தியின் பொருளை அனுப்புபவரின் மனநிலையை வைத்துச் சொன்னார்கள். ஃபிபாவில் ஒரு ஏஜென்ட் "தெரிவிக்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பினால், அது உண்மை என்று அந்த ஏஜென்ட் நம்ப வேண்டும். கேட்பவரும் அதை நம்ப வேண்டும் என்று அது எண்ண வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரில் இருக்கும் ஏஜென்ட் வேறொரு கம்பெனி எழுதிய புரோகிராம். அது எதை நம்புகிறது என்று நான் எப்படிச் சோதிப்பது? அதன் சோர்ஸ் கோடு என்னிடம் இல்லை. இருந்தாலும் "நம்பிக்கை" என்று பெயர் போட்ட வேரியபிள் எதுவும் அதில் இருக்கப்போவதில்லை.

சிங் அடித்த இடம் இதுதான். மீறினாலும் கண்டுபிடிக்க முடியாத விதி, விதியே இல்லை. வியாபாரத்தில் யாரும் எதிராளியின் மனசைப் பார்ப்பதில்லை, சொன்ன சொல்லைத்தான் பார்க்கிறார்கள். அதனால் செய்தியின் பொருளைப் பொதுவில் தெரியும் ஒன்றின் மேல் நிறுத்த வேண்டும். அந்த ஒன்றுதான் கடப்பாடு.

இந்தக் கடப்பாட்டுக்கு நான்கு பாகம்: செய்ய வேண்டியவர், பெற வேண்டியவர், நிபந்தனை, செய்ய வேண்டிய காரியம். "நீங்கள் பணம் கட்டினால் நான் புத்தகம் அனுப்புவேன்" என்பதில் நான்கும் இருக்கின்றன. பணம் கட்டியாகிவிட்டால் நிபந்தனை கழன்று, கடப்பாடு முழுசாக என் தலையில் விழுகிறது. புத்தகம் போய்ச் சேர்ந்தால் தீர்ந்தது. இதை உருவாக்கலாம், நிறைவேற்றலாம், ரத்து செய்யலாம், பெற வேண்டியவர் "போகட்டும், வேண்டாம்" என்று விடுவிக்கலாம், வேறொருவரிடம் ஒப்படைக்கலாம், வேறொருவருக்கு மாற்றித் தரலாம். அவ்வளவுதான் இயந்திரம்.

இதில் என்ன பெரிய லாபம்? 2002-ல் பினார் யோலும், சிங் இருவரும் எழுதிய கட்டுரை அதைக் காட்டுகிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான நெட்பில் என்ற பணப்பரிமாற்ற நெறிமுறையை எடுத்துக்கொண்டார்கள். அதில் எல்லாம் வரிசைப்படிதான்: விலை கேள், விலை சொல், ஒத்துக்கொள், சரக்கு அனுப்பு, பணம் கொடு, ரசீது கொடு. ஸ்டேட் மெஷினாக எழுதினால் இந்த வரிசை இறுகிவிடும். வாடிக்கையாளர் கேட்காமலே வியாபாரி விலை சொன்னால் தப்பு. விலை கேட்காமலே வாடிக்கையாளர் ஒத்துக்கொண்டாலும் தப்பு. நிஜ வியாபாரத்தில் முதலாவதற்குப் பெயர் விளம்பரம், இரண்டாவதற்குப் பெயர் நம்பிக்கை! ஒவ்வொரு செய்தியும் எந்தக் கடப்பாட்டை உண்டாக்குகிறது என்று மட்டும் எழுதினால் இந்த வழிகள் எல்லாம் தானாகத் திறந்துகொள்கின்றன. கடைசியில் யாருக்கும் பாக்கி இல்லை என்றால் சரி. எந்த வழியாக வந்தீர்கள் என்பது பிரச்சினை இல்லை. இரண்டு கம்பெனிகளின் ஆர்டர் சிஸ்டங்களை இணைக்கும் வேலை பார்த்த யாருக்கும் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரியும். அங்கே பாதி நேரம் போவது "இந்த ஸ்டேட்டில் இந்த மெசேஜ் வரக்கூடாதே" என்ற பஞ்சாயத்தில்தான்.

இனி என் குறைகள். மூன்று.

ஒன்று, ஒப்படைத்தல். இந்தத் துறையின் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் உதாரணம் ஆக்ஃபில் என்ற அயர்லாந்து வாகனக் காப்பீட்டு நிறுவனம். விபத்து நடந்தால் போனை எடுப்பது யூரோப் அசிஸ்ட், அன்றாட வேலையை ஒருங்கிணைப்பது லீ கன்சல்டிங், காரைச் சரிசெய்வது ஒரு பணிமனை. பாலிசிதாரர் பிரீமியம் கட்டியது ஆக்ஃபிலிடம் மட்டும். அடிப்படை வரையறையில், ஒப்படைத்தால் பழைய கடப்பாட்டின் இடத்தில் புதியவரின் கடப்பாடு வந்து உட்கார்ந்துவிடும். அப்படியானால் பணிமனை இழுத்தடித்தால் ஆக்ஃபில் கையை உதறிவிடலாமா? ஆங்கிலேய ஒப்பந்தச் சட்ட மரபில், தன் கடமையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு ஒருவர் முழுக்க விலக வேண்டுமானால் பெற வேண்டியவரின் சம்மதம் வேண்டும். பொறுப்பைத் தக்கவைத்துக்கொண்டு ஒப்படைப்பதைப் பின்னால் வந்த வேலைகள் தனியாகக் கையாள்கின்றன. ஆனால் அதுதான் சாதாரண வழக்கம், மற்றது விதிவிலக்கு. ஆரம்பமே தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து.

இரண்டு, "பொதுவில் தெரியும்" என்பது. யாருக்குத் தெரியும்? செய்திகள் நெட்வொர்க்கில் போகின்றன, ஒரே நேரத்தில் எல்லாருக்கும் வந்து சேராது. நான் பணம் அனுப்பிய அதே நேரத்தில் வியாபாரி "சலுகை வாபஸ்" என்று அனுப்புகிறார். இரண்டும் வழியில் குறுக்கே கடக்கின்றன. என் கணக்கில் அவர் கடன்பட்டவர், அவர் கணக்கில் எதுவுமே இல்லை. 1998 கட்டுரை இதைத் தொடவில்லை. இதை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டது 2009-ல் அமித் சோப்ராவும் சிங்கும் எழுதிய கட்டுரை. தங்கள் பலவீனத்தைத் தாங்களே எடுத்துப் பேசிய நேர்மைக்கு ஒரு சபாஷ்.

மூன்று, எனக்கு முக்கியமானது இதுதான். "சரக்கு வந்தது" என்பது லாஜிக்கில் உண்மை அல்லது பொய். நிஜத்தில் பத்துப் பெட்டியில் எட்டு வரும், அதில் ஒன்று நனைந்திருக்கும். கடப்பாடு தீர்ந்ததா இல்லையா என்பதே சண்டை. தீர்த்து வைக்க ஒரு பெரிய மனுஷர் வேண்டும். கடப்பாடுகள் ஒரு சமூகச் சூழலுக்குள் நடக்கின்றன, அந்தச் சூழல் தீர்ப்பு சொல்லும் என்று சிங் இடம் ஒதுக்குகிறார்தான். ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்காருவது? ஒரு பக்கம் பெரிய தளம், மறுபக்கம் சின்ன விற்பனையாளர் என்றால் நாற்காலியும் தளத்தின் வீட்டில்தானே இருக்கும். மாதிரிக்குள் இருவரும் சமம், வெளியே அப்படி இல்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், இன்றைய நெறிமுறைகளின் பக்கத்தில் வைத்தால் அந்தக் கட்டுரை உயரமாகவே நிற்கிறது. கூகுள் 2025 ஏப்ரலில் வெளியிட்ட ஏ2ஏ நெறிமுறையைப் பாருங்கள். ஒரு வேலைக்கு நிலைகள் உண்டு: பெறப்பட்டது, நடக்கிறது, முடிந்தது, தோற்றது, ரத்து. நல்ல பொறியியல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் "முடிந்தது" என்று சொல்வது வேலையை எடுத்துக்கொண்ட ஏஜென்ட்தான். யார் யாருக்கு என்ன கடன்பட்டார்கள் என்று எழுத அதில் இடம் இல்லை. இதைவிடக் கவலை, மொழி மாதிரிகளால் ஓடும் ஏஜென்ட்கள் வந்த பிறகு "அது என்ன நினைத்தது" என்ற பேச்சு மறுபடி தொடங்கியிருக்கிறது. அதன் யோசனையை எடுத்துப் படித்துப் பார்ப்போம் என்கிறார்கள். ஆய்வுக்கு அது தேவைதான். நூறு பெட்டி ஆர்டர் கொடுத்தவனுக்கு அது உதவாது. தப்பு நடந்த பிறகு கையில் காட்ட ஏதாவது இருக்கிறதா என்பதுதான் அவனுக்கு முக்கியம்.

ஏஜென்ட்களுக்கு இடையே நெறிமுறை எழுதுபவர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆவணத்தில் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேருங்கள்: இதை அனுப்பினால் யார், யாருக்கு, எதற்குப் பொறுப்பு. நிரப்ப முடியாத வரி ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு சண்டை.

சிங் குழுவே 2011-ல் கொண்டுவந்த பிஎஸ்பிஎல், செய்தி வரிசையை வேறு விதமாகக் கையாள்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.