நாற்றம், மணம், ஏலம்

சிவப்பு ஒயினின் வாசனை பற்றி மேற்கில் எழுதுகிறவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் குன்னூர்தான் ஞாபகம் வருகிறது. பிளம், புகையிலை, தோல், குடைமிளகாய் என்று நீளும் பட்டியலை 1984இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் நோபல் ஒரு சக்கரமாகவே போட்டுக் கொடுத்தார். மூக்கு அறிந்ததைத்தான் வாய் சொல்கிறதா? 2001இல் வெளியான போர்தோ ஆய்வு ஒன்றில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் அடுக்கியதெல்லாம் சிவப்பு ஒயினுக்குரிய சொற்கள். ஒயின் படிக்கிற பிள்ளைகள்தாம் அவர்கள்.

சிரிக்க வேண்டாம். குறளில் மொட்டுக்குள் மணமாக இருந்த 'நாற்றம்' இன்று யார்மேல் ஏவப்படும் சொல் என்பது நமக்குத் தெரியும். வாசனைச் சொற்கள் அதிகாரத்துக்கு வெளியே திரிவதில்லை.

குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடந்துவருகிறது. ஏலத்துக்கு முன் சுவைஞர் உட்காருகிறார். சர்வதேச அளவுமுறைப்படி 100 மில்லி வெந்நீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுவார். காற்றோடு சேர்ந்து வாசம் தொண்டை வழியே மூக்கேறும். துப்பிவிட்டு, 'பிரிஸ்க்', 'பிரைட்', 'பாடி' என்பார். அந்தச் சொல்லும் விலையைத் தீர்மானிக்கிறது. டார்ஜிலிங் தேயிலைக்கு இந்த மொழி தரும் உச்சப் புகழ்ச்சி 'மஸ்கட்டல்', அதாவது மஸ்கட் திராட்சை வாசம். திராட்சையிலும் தேயிலையிலும் லினலூல், ஜெரானியால் என்ற அதே சேர்மங்கள் இருப்பதால் ஒப்புமை பொய்யில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குடும்பத்துக் கருந்திராட்சையான மஸ்கட் ஹாம்பர்க் நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிறது. 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. சம்சாரிகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் பன்னீர் திராட்சை. எந்தச் சக்கரத்தையும் பார்க்காமல், முகர்ந்து வைத்த பெயர்!

என் பெரியப்பா குன்னூர்ப் பக்கம் ஒரு ஆலையில் ரோலர் அறையில் வேலை பார்த்தவர். "பச்ச வாட போயி பழ வாட வந்துட்டா டிரையர்ல போட்டுரணும்டா, ஒரு நிமிசம் பிந்துனாலும் போச்சு" என்பார். கொழுந்து நசுங்கி, செல்கள் உடைந்து, நொதிகள் வேலை செய்து, பிராணவாயு ஏறி, புல்வாசம் கனிவாசமாக மாறும் கட்டத்தைத்தான் அவர் சொன்னார். கூலிப்பட்டியலில் இந்த அறிவுக்குக் கட்டம் கிடையாது.

நம் எழுத்திலும் கிடையாது என்பதுதான் என் சண்டை. ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றி பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தபோது நாம் பதறிப்போனோம். பதறவேண்டியதுதான். ஆனால் அதற்கப்புறம் தோட்டத்தைப் பற்றி நான் படித்த கதைகளில் பெரும்பாலும் அட்டைக்கடி, கங்காணி, கண்ணீர். தொழிலாளிக்கு உடம்பைக் கொடுக்கிறோம், காயத்தைக் கொடுக்கிறோம், மூக்கைக் கொடுப்பதில்லை. ரசனை முதலாளியிடம், வலி தொழிலாளியிடம் என்ற பங்கீட்டை முற்போக்குப் பிரதியும் அப்படியே ஒப்புக்கொள்கிறது. இதில் நானும் சேர்த்திதான். இருபது வயதில் நான் எழுதிய தேயிலைக் கவிதைகளில் ஒரே ஒரு வாசனைதான், வியர்வை.

பெரியப்பா வீட்டில் எப்போதும் டஸ்ட் டீதான். போன வருஷம் பனிக்காலத்து ஆர்த்தடாக்ஸ் தூள் ஒரு பொட்டலம் விலை கொடுத்து வாங்கிப் போனேன். உறைமேல் மல்லிகை, எலுமிச்சை என்றெல்லாம் அச்சடித்திருந்தது. பிரித்து உள்ளங்கையில் கொட்டி, வாயால் ஊதி, முகர்ந்தார்.

"வாட்டம் பத்தலடா" என்றார்.